தரையைத் துளைக்கும் பனி

ஜூலை மாதத்தில் ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் நின்று பாருங்கள். தென்மேற்குப் பருவமழை அடித்துப் பெய்யும் அந்த நாட்களில் பக்கத்துக் கரைகளில் வள்ளம் இறக்குவது பாடு; அலை தூக்கி அடித்துவிடும். விழிஞ்ஞத்துக்கு இயற்கையே ஒரு குடாவைக் கொடுத்திருக்கிறது, அதற்கு அலைத்தடுப்புச் சுவரும் கட்டியிருக்கிறார்கள். அதனால் பூந்துறையிலிருந்தும் குமரி மாவட்டக் கரைகளிலிருந்தும் வள்ளத்தோடு இங்கே வந்து தங்கித் தொழில் பார்ப்பார்கள். இரவெல்லாம் கடலில் கிடந்துவிட்டுக் கரையேறுகிறவர்களின் கோலத்தைக் கவனியுங்கள். தலையில் குரங்குக் குல்லா, மேலே மழைக்கோட்டு, உள்ளே கம்பளிச் சட்டை. கட்டன் சாயா கிளாஸைப் பிடித்திருக்கும் விரல்கள் வெளுத்து, தோல் சுருங்கி, லேசாக நடுங்கிக்கொண்டிருக்கும்.

நான் போய் நின்ற அன்றைக்கு என் சட்டைப் பையில் இருந்த வெப்பமானி காட்டியது 24 டிகிரி செல்சியஸ். ஊரில் ஏ.சி. வைத்திருப்பவர்கள் ரிமோட்டில் ஆசையாகத் தட்டி வைக்கிற எண் அது.

24 டிகிரியில் ஒரு மனிதர் நடுங்குவாரா? நடுங்குவார். இதைப் புரிந்துகொள்ளாமல் மலைக்குப் போர்வை வாங்கப் போனால் என்ன ஆகும் என்பதை என் சொந்தச் செலவில் தெரிந்துகொண்டேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

உடம்பில் துணியில்லாமல், அசையாமல் படுத்திருக்கும் ஒருவர் வியர்க்காமலும் நடுங்காமலும் இருக்க வேண்டுமானால் சுற்றியுள்ள காற்று ஏறத்தாழ 28 முதல் 30 டிகிரி வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் உடம்பு ஏதாவது செய்தாக வேண்டும்: தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், பிறகு தசைகளை உதறவைத்துச் சூடு உண்டாக்கும். அந்த வகையில் நாம் எல்லோருமே, நார்வேக்காரர் உட்பட, வெப்பமண்டல விலங்குகள்தான். குளிர்நாட்டில் பிழைத்திருப்பவர் துணியால் பிழைக்கிறார்.

இது காற்றுக்கான கணக்கு. தண்ணீருக்குக் கணக்கு வேறு. காற்றைவிடத் தண்ணீர் இருபத்து மூன்று, இருபத்து நான்கு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் அசையாமல் தண்ணீரில் கிடக்கிறவருக்குச் சூடு குறையாமல் இருக்க நீர் 33 டிகிரிக்கு மேல் வேண்டும். நம் கடல் எந்த மாதத்திலும் அவ்வளவு சூடாக இருப்பதில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிமுனையைத் தொட்டுக்கொண்டு அரபிக் கடலுக்குள் நுழைந்தபோது குமரி மாவட்டத்திலிருந்தும் விழிஞ்ஞம், பூந்துறையிலிருந்தும் தொழிலுக்குப் போயிருந்த பலர் கவிழ்ந்த வள்ளங்களைப் பிடித்தபடி நாள்கணக்கில் கடலில் கிடந்தார்கள். நாம் வெதுவெதுப்பு என்று சொல்லும் 28 டிகிரித் தண்ணீர்தான் அது. மணிக்கணக்கில் அதில் கிடந்தால் உடம்புச் சூடு மெல்ல மெல்லக் கசிந்துகொண்டே போகும். பசியும் தாகமும் கைசோர்வும் அதோடு சேர்ந்துகொள்ளும். அலையில் அடிபட்டுப் போனவர்களைப் பற்றி இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். சூடு இழந்து, பிடி தளர்ந்து போனவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேச்சு எழவில்லை.

தூங்கும் மனிதர் என்பவர் ஒரு சின்ன அடுப்பு. வயதுவந்த ஒருவர் தூக்கத்தில் உண்டாக்கும் வெப்பம் ஏறத்தாழ 70 வாட். பழைய காலத்து 60 வாட் குண்டு பல்பைவிடக் கொஞ்சம் கூடுதல். எட்டு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 20 லட்சம் ஜூல். இதுதான் இரவு முழுவதற்குமான மொத்த வருமானம். போர்வை ஒரு பைசா வருமானத்தைக் கூட்டாது, செலவை மட்டும்தான் இறுக்கிப் பிடிக்கும். ஆகவே போர்வையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் செலவு எந்தெந்த வாசல் வழியாகப் போகிறது என்று பார்ப்பதுதான் முறை.

முதல் வாசல், ஈரம். மலையேறி வியர்த்த பருத்தி பனியனும் அரைக்கால் சட்டையும் சேர்ந்து 300 மில்லி தண்ணீரைச் சிரமமில்லாமல் பிடித்துவைக்கும். அந்தத் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 7 லட்சம் ஜூல் வேண்டும். அந்த உடுப்போடு படுத்தால், துணியைக் காயவைக்கும் சூட்டில் பெரும்பகுதியைக் கொடுக்கப்போவது உங்கள் உடம்பு. இரவு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு பனியன் காயவைக்கவே போய்விடுகிறது. துறைமுகத்தில் குளச்சல் பக்கத்து அண்ணன் ஒருவர் எனக்கு இதைக் கணக்கில்லாமலே சொன்னார்: “உள்ள நனைஞ்ச துணி கெடந்தா எத்தன கம்பளி போத்தினாலும் குளிரு விடாது மக்கா. அவுத்து எறிஞ்சிட்டு வெறும் ஒடம்புல காஞ்ச சாக்கச் சுத்து, அது போதும்.” அவர் வள்ளத்தின் அணியத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா உண்டு. அதில் பீடி, தீப்பெட்டி, ஒரு காய்ந்த சாரம். பீடியையாவது யாராவது கேட்டால் கொடுப்பார், சாரத்தைக் கொடுக்கமாட்டார்.

இந்த அறிவுரையை அவர் எனக்குச் சொன்னது நான் அகத்தியர்கூடம் போய்வந்த பிறகு. முன்னாலேயே கேட்டிருக்கலாம்.

திருவனந்தபுரத்தின் மேட்டுப் பகுதிகளிலிருந்து, வானம் தெளிந்த காலைகளில், கிழக்கே கூம்பாகத் தெரியும் மலை அகத்தியர்கூடம். உயரம் 1,868 மீட்டர். நம் பக்கத்தில் பொதிகை என்று சொல்கிற மலைத்தொடரின் பகுதி. கேரள வனத்துறை பொதுவாக ஜனவரி, பிப்ரவரியில் அனுமதிச் சீட்டுக் கொடுத்து அனுப்பும். போணக்காட்டிலிருந்து நடை தொடங்கும்; முதல் நாள் நாள் முழுக்க நடந்து அதிருமலை முகாமில் படுக்க வேண்டும், மறுநாள் உச்சிக்குப் போய்த் திரும்ப வேண்டும். சீட்டுக் கிடைத்ததும் நான் செய்த முதல் வேலை, ஒரு ஸ்லீப்பிங் பேக் வாங்கியது. பையின் மேல் கொட்டை எழுத்தில் மைனஸ் 10 டிகிரி என்று போட்டிருந்தது. விழிஞ்ஞத்தில் மொட்டை மாடியில் ஒரு இரவு அதற்குள் படுத்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் வெளியே வந்தேன், இட்லி மாதிரி. “இது தாங்கும்” என்ற நிம்மதியோடு மலைக்குப் போனேன்.

அதிருமலையில் வியர்த்த பனியனை மாற்றவில்லை, களைப்பு. முகாம் கொட்டகையின் தரையில் நேராகப் பையை விரித்து உள்ளே போனேன். பத்து மணிக்கு வியர்த்துக் கொட்டியது, ஜிப்பைத் திறந்தேன். இரண்டு மணிக்கு ஜிப்பை மூடினேன். நாலு மணிக்கு முதுகு முழுவதும் யாரோ ஐஸ் பலகை வைத்த மாதிரி விறைத்து எழுந்து உட்கார்ந்தேன். வெப்பமானியில் 14 டிகிரி. மைனஸ் 10 என்று எழுதிய பைக்குள் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் படுத்திருந்த பெரியவர் ஒரு சாதாரணக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கீழே இரண்டு பாய் போட்டு, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது பழமொழி. அகத்தியர்கூடம் சீசன் நடப்பது சரியாகத் தையிலும் மாசியிலும். வெப்ப இயற்பியல் புத்தகத்தில் இரண்டு அத்தியாயங்களாக வருகிற விஷயத்தை, அதாவது கடத்தலையும் கதிர்வீச்சையும், இந்தப் பழமொழி தரை என்றும் மச்சு என்றும் பிரித்துவைத்திருக்கிறது. சொன்னவர் மனதில் இயற்பியல் இருந்தது என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் குளிர் கீழேயிருந்தும் வரும், மேலேயிருந்தும் வரும் என்பதைப் படுத்துப் பார்த்தவர்தான் சொல்லியிருக்க முடியும்.

தரையை எடுத்துக்கொள்வோம். எந்தப் போர்வையிலும் வேலை செய்வது பஞ்சோ கம்பளியோ இல்லை, அதற்குள் மாட்டிக்கொண்டு நகராமல் நிற்கும் காற்று. உப்பிய பையின் மேல் படுக்கும்போது முதுகுக்குக் கீழே இருக்கும் பஞ்சு நசுங்குகிறது, காற்று வெளியேறுகிறது. மேலே மூன்று விரற்கடை கனமாக இருப்பது கீழே அட்டை போலாகிவிடும். அதற்கடியில் சிமெண்ட் அல்லது பாறை. அது இரவு முழுவதும் சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கும், தான் சூடானதாகக் காட்டிக்கொள்ளாது; அவ்வளவு பெரிய நிறை. ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய பை கீழ்ப்பக்கத்தில் வெறும் இரண்டு துணி என்பது எனக்கு நாலு மணிக்குத்தான் புரிந்தது.

கோரைப் பாய் போட்டால் போதாதா? பத்தமடைப் பாயின் பெருமையே அது உடம்புச் சூட்டைத் தணிக்கும் என்பதுதான். வழுவழுப்பான மெல்லிய கோரை, வியர்வையின் ஆவி தங்காமல் போக வழிவிடும். சித்திரை மாதத்துச் சிமெண்ட் தரையில் அதைவிடச் சுகம் வேறில்லை. கோடையில் எதற்காக அதைப் புகழ்கிறோமோ அதற்காகவே மலையில் அதை மட்டும் நம்பக்கூடாது. அங்கே வேண்டியது ஆள் எடையில் நசுங்காத, மூடிய குமிழிகள் கொண்ட ஃபோம் பாய். ஒரு சென்டிமீட்டர் கனம், சுருட்டினால் பைக்கு வெளியே கட்டிக்கொள்ளலாம், முள் குத்தினாலும் காற்று போகாது. நல்ல கம்பெனிப் பாய்களில் ஆர்-மதிப்பு என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். எண் கூடக்கூட வெப்பத் தடை கூடும், இரண்டு பாயை அடுக்கினால் எண்களைக் கூட்டிக்கொள்ளலாம். முன்பெல்லாம் ஆளுக்கொரு முறையில் அளந்து போட்ட இந்த எண்ணை அளக்க 2018இல்தான் ஒரு பொது முறை வந்தது. நம் மலைகளுக்கு ஆர்-மதிப்பு 2 போதும். பெரியவர் போட்டிருந்த இரண்டு பாய்க்கு யாரும் ஆர்-மதிப்பு அளந்திருக்கமாட்டார்கள்; இரண்டு என்பதுதான் முக்கியம்.

இனி மச்சு. பனி பெய்கிறது, பனி விழுகிறது என்கிறோம். பனி விழுவதில்லை என்று முறையாகச் சோதித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற லண்டன் மருத்துவர். 1814இல் பனித்துளி பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். இரவில் தோட்டத்தில் ஒரு பலகையைக் கால் வைத்து நிறுத்தி, ஒரே எடையுள்ள கம்பளி நூல்கொத்துகளில் ஒன்றைப் பலகைக்கு மேலேயும் இன்னொன்றை அதன் அடியிலேயும் வைத்தார். காலையில் எடை போட்டால் மேலே இருந்தது நிறையப் பனியைக் குடித்திருந்தது, அடியில் இருந்தது கொஞ்சமாக. வானத்தைப் பார்த்திருக்கும் பொருள் தன் சூட்டை வானத்துக்கு வீசிவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது, அந்தக் குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிகிறது என்பது அவர் கண்ட விளக்கம். கதிர்வீச்சுக்கு ஸ்டெஃபான் சூத்திரம் எழுத இன்னும் 65 ஆண்டுகள் இருந்தன.

சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால் மிரட்சியாக இருக்கும். 15 டிகிரியில் இருக்கும் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 390 வாட் வெளியே வீசும். மேகமும் மரமும் அதைக் கிட்டத்தட்ட முழுதாகத் திருப்பிக் கொடுத்துவிடும். தெளிந்த, வறண்ட இரவு வானம் 60 முதல் 100 வாட் வரை பாக்கி வைத்துக்கொள்ளும். உடம்பின் வருமானமே 70 வாட்தான் என்பதை நினைவில் வையுங்கள். நல்லவேளை, போர்வையின் வெளிப்பரப்புக் குளிர்ந்துபோனதும் சுற்றியுள்ள காற்று அதற்குக் கொஞ்சம் சூடு கொடுக்கிறது, அதனால் முழு இழப்பும் நம் தலையில் விழுவதில்லை. ஊட்டியில் தலைகுந்தா புல்வெளியில் ஜனவரிக் காலையில் உறைபனி பூத்திருக்க, நாலடி தள்ளி மரத்தடியில் புல் பச்சையாக இருப்பதும் இதனால்தான். விழிஞ்ஞத்து வானம் அவ்வளவு கஞ்சம் இல்லை. கடலோரக் காற்றில் நிறைந்திருக்கும் நீராவியே ஒரு போர்வை. மலையில் அந்தச் சலுகை குறைந்துபோகும். நட்சத்திரம் பார்த்துக்கொண்டு படுக்க ஆசைப்படுகிறவர்கள் பாருங்கள், தூக்கம் வரும்போது மரத்தடிக்கோ தார்ப்பாய்க்கு அடியிலோ நகர்ந்துவிடுங்கள்.

மலையில் எவ்வளவு குளிரும் என்பதற்கு ஊர்க் கணக்கு ஒன்று போதும்: ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். தை மாதத்தில் விழிஞ்ஞத்தின் விடியற்காலை 22 அல்லது 23 டிகிரி. அகத்தியர்கூடத்து உச்சியில் அதிலிருந்து 12 டிகிரியைக் கழித்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறைக்குக் கொழுக்குமலை போய்க் கூடாரத்தில் தங்குகிறவர்களுக்கும் இதே கணக்கு. மே மாதத்தில் கடற்கரை 26 டிகிரியில் புழுங்கும்போது 2,400 மீட்டரில் 10 டிகிரிக்கு அருகில் இருக்கும். “மே மாசம்தானே” என்று ஒரு பெட்ஷீட்டோடு போகிறவர்கள் காலையில் ஜீப் எஞ்சின் மூடியின் மேல் கை வைத்துச் சூடு காய்வதைப் பார்த்திருக்கிறேன்.

அகத்தியர்கூடத்தின் உச்சியில் கருவிகளோடு இரவுகளைக் கழித்தவர்களும் உண்டு. திருவிதாங்கூர் மன்னரின் திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு 1852இல் இயக்குநராக வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் ப்ரூன், 1855இல் அகத்தியர்கூடத்தின் மேலே ஒரு ஆய்வுக்கூடம் கட்டினார். ஊரிலும் மலையுச்சியிலும் காந்த ஊசி எப்படி அசைகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது நோக்கம். ஊசியின் அசைவைக் குறித்துவைக்க மேலே ஆட்கள் தங்க வேண்டியிருந்தது. அந்தப் பதிவுகள் 1874இல் பெரிய புத்தகமாக வெளிவந்தன, திருவனந்தபுரத்தின் பெயரையும் அகத்திய மலையின் பெயரையும் தலைப்பில் சுமந்துகொண்டு. காந்த ஊசியின் அசைவு நொடிக்கோணச் சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது. அதைக் குறித்த உள்ளூர் உதவியாளர்கள் எதைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள் என்பதுதான் எனக்கு வேண்டிய தகவல்.

சரி, 14 டிகிரியில் தூங்க எவ்வளவு போர்வை வேண்டும்? இதை அளக்க ஒரு அலகு இருக்கிறது, பெயர் க்ளோ. கேகி, பர்ட்டன், பாஸெட் என்ற மூவர் 1941இல் முன்வைத்தது. அந்தக் கால அலுவலகக்காரர் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்து சௌகரியமாக இருந்தால் அந்த உடுப்பு ஒரு க்ளோ. நம் ஊர் வெயிலில் அந்த உடுப்பில் கல்யாணத்துக்கு நிற்கும் மாப்பிள்ளையை நினைத்தால் அலகின் கனம் புரியும். தூங்கும்போது உடம்பின் ஒரு சதுர மீட்டரிலிருந்து ஏறத்தாழ 40 வாட் வெளியே போகிறது. அதில் கால்வாசி மூச்சிலும் கண்ணுக்குத் தெரியாத ஈரத்திலும் போய்விடும், மிச்சம் 30 வாட் போர்வை வழியாகப் போக வேண்டும். இதை வைத்துக் கணக்குப் போட்டால், தூங்குகிறவருக்கு ஒரு க்ளோ என்பது ஏறத்தாழ நாலரை டிகிரிக்கான காப்பு. தோல் 33 டிகிரி. விழிஞ்ஞத்தில் 27 டிகிரி இரவுக்கு ஒன்றேகால் க்ளோ. அதில் பாதிக்கு மேல் உடம்பைச் சுற்றி ஒட்டி நிற்கும் காற்றே கொடுத்துவிடும், மீதிக்கு ஒரு பருத்திப் போர்வை. அதிருமலையில் 14 டிகிரிக்கு நாலு க்ளோவுக்குக் கொஞ்சம் கூட. அங்கே கொட்டகை இடுக்கில் காற்று வீசினால் ஒட்டி நிற்கும் காற்றும் கழன்று போகும்.

நாலு க்ளோ என்பது பெரிய விஷயமே இல்லை. மெத்தையும் ரஜாயும் சேர்ந்தால் வந்துவிடும். என் பை அதைத் தாண்டியே கொடுத்திருக்க வேண்டும், முதுகுப் பக்கம் நசுங்காமலும் பனியன் ஈரமாக இல்லாமலும் இருந்திருந்தால். அந்த மைனஸ் 10தான் என்ன? ஐரோப்பாவில் 2002 முதல் இதற்கு ஒரு சோதனை முறை உண்டு, பிறகு ஐ.எஸ்.ஓ. 23537 என்று உலகத் தரமாகவும் ஆனது. சூடேற்றக்கூடிய ஒரு பொம்மை மனிதனுக்கு உள்ளாடை மாட்டி, பையில் வைத்து, கீழே பாய் போட்டு, குளிர் அறையில் கிடத்துகிறார்கள். அதன் சூட்டைக் காக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று பார்த்துக் கணக்குப் போட்டு மூன்று எண்களைத் தருகிறார்கள்: சௌகரியம், எல்லை, உச்சக் குளிர். மூன்றாவது, தூங்குவதற்கான எண்ணே இல்லை. சாகாமல் சில மணி நேரம் தாக்குப்பிடிக்க முடியுமா என்பதற்கானது. விற்கிறவருக்குப் பிடித்த எண் இயல்பாகவே அதுதான். என்னுடையது அந்தச் சோதனைக்கே போகாத பை; மைனஸ் 10 என்பது தைத்தவருடைய ஆசை. விற்ற கடை பெயர் வேண்டாம், அவரும் நம்பித்தான் விற்றிருப்பார்.

முதல் எண்ணான சௌகரியம் ஒரு பெண்ணை மனதில் வைத்துப் போடப்படுகிறது, இரண்டாவதான எல்லை ஒரு ஆண் சுருண்டு படுத்துச் சமாளிப்பதை வைத்து. சராசரியாகப் பெண்களுக்குத் தசை குறைவு, அதனால் தூக்கத்தில் உண்டாகும் சூடும் குறைவு. அகத்தியர்கூடத்துக்குப் பெண்களை விடாத காலம் இருந்தது. கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2019 ஜனவரியில் கே. தன்யா சனல் என்ற பெண் ஏறி அதை முடித்துவைத்தார். இனி குடும்பமாகப் போகிறவர்கள் வீட்டில் எல்லோருக்கும் அப்பா எண்ணைப் பார்த்துப் பை வாங்க வேண்டாம். ஆண்களும்கூட முதல் எண்ணைப் பார்த்து வாங்குவதே நல்லது. 22 டிகிரிக்குக் கீழே பார்த்திராத கடற்கரை உடம்பு, ஐரோப்பியச் சோதனை அறையின் சராசரி ஆணைவிட முன்னதாகவே நடுங்கும்.

பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஷோலாண்டரும் கூட்டாளிகளும் 1958இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று சாட்சி. மத்திய ஆஸ்திரேலியாவின் குளிர்ந்த பாலைவன இரவில் பழங்குடி மக்கள் துணியில்லாமல், சின்ன நெருப்புகளுக்கு நடுவே, நிம்மதியாகத் தூங்கினார்கள். தோல் குளிர்ந்துபோக விட்டுவிட்டு நடுங்காமல் தூங்கும் உடம்பு அவர்களுடையது. பக்கத்தில் அதேபோல் படுத்த ஐரோப்பியர்கள் இரவெல்லாம் உதறிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்பதிலும் ஒரு வார்த்தை. வாத்து இறகு மிக லேசு, மிகச் சூடு, விலையும் அதற்கேற்ப. ஆனால் ஈரம் பட்டால் இறகு கட்டியாகிக் காற்றை விட்டுவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் நனையாமல் இரண்டு இரவு கழிப்பது வரம் வாங்கி வந்தவருக்கு. பாலியஸ்டர் பஞ்சு கனம் கூடுதல்தான், நனைந்தாலும் கொஞ்சம் உப்பலைக் காக்கும், ஓரளவு சீக்கிரம் காயும். நான் அதன் பக்கம். போடிநாயக்கனூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், இலவம் பஞ்சை மறந்துவிட்டாயே என்று. மறக்கவில்லை. இலவம் பஞ்சின் ஒவ்வொரு இழையும் ஒரு நுண்ணிய குழாய், பெரும்பகுதி வெறும் காற்று. வெளியே மெழுகுப் பூச்சு, தண்ணீர் ஒட்டாது. அதனால்தான் செயற்கை நுரைகள் வருவதற்கு முன் உலகப் போர்க் காலக் கப்பல்களில் உயிர்காப்புச் சட்டைக்குள் அதை அடைத்தார்கள். கடலில் மிதக்கவைப்பதும் மெத்தையில் சூடு காப்பதும் ஒரே காற்று. ஒரே குறை, அழுத்தினால் நசுங்கித் திரண்டுவிடும். பையில் அடைத்து அடைத்து எடுத்தால் இரண்டே பயணத்தில் தலையணைக் கட்டி.

அப்புறம், எல்லாம் ஏன் நாலு மணிக்கு நடக்கிறது? அந்த நேரத்தில் மூன்று விஷயங்கள் ஒன்றுகூடுகின்றன. நிலமும் காற்றும் இரவெல்லாம் இழந்து இழந்து விடியலை ஒட்டித்தான் மிகக் குளிர்கின்றன. உடம்பின் உள்ளக வெப்பநிலையும் தன் நாள்சுழற்சியில் நாலு, ஐந்து மணிக்குத்தான் அடிமட்டத்துக்கு வருகிறது. கனவுத் தூக்கம் இரவின் பின்பகுதியில்தான் அதிகம். அந்தத் தூக்கத்தில் மூளை உடம்புச் சூட்டைக் கவனிப்பதைத் தளர்த்திவிடுகிறது, நடுக்கம்கூடச் சரியாக வராது. ஆகவே பத்து மணி உடம்பை நம்பி நாலு மணிக்கான போர்வையைத் தீர்மானிக்கக் கூடாது. பத்து மணிக்குத் தேவையானதை மட்டும் போர்த்துங்கள். கூடுதலாக உள்ளதை எட்டும் தூரத்தில், தலைமாட்டில் வையுங்கள். பத்து மணிக்கே பையை முழுதாக மூடி வியர்த்தால் அந்த வியர்வையைக் காயவைக்கும் செலவு நாலு மணிக்கு வரும்.

பாதத்துக்குத் தனி மரியாதை உண்டு. 1999இல் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் கிராய்ஹியும் கூட்டாளிகளும் காட்டியது: கையும் காலும் சூடாக இருப்பவர்களுக்குத் தூக்கம் சீக்கிரம் வருகிறது. உடம்பு தூங்குவதற்காகத் தன் உள்ளகச் சூட்டைக் கொஞ்சம் வெளியேற்ற வேண்டும், அதற்குப் பயன்படும் ஜன்னல்கள் உள்ளங்கையும் பாதமும். பாதம் விறைத்திருந்தால் ஜன்னல் மூடிக்கொள்கிறது. எனவே காய்ந்த காலுறை ஒரு ஜோடி, பிளாஸ்டிக் பையில் கட்டி, படுக்க மட்டுமென்று ஒதுக்கி வைக்க வேண்டும். அண்ணனின் சாரம் மாதிரி.

அடுத்த ஆண்டு மாசியில் மறுபடியும் சீட்டுக் கிடைத்தது. இந்த முறை சௌகரிய எண் 10 டிகிரி என்று சோதனைச் சீட்டோடு வந்த ஒரு பாலியஸ்டர் பை, ஒரு சென்டிமீட்டர் ஃபோம் பாய், காய்ந்த முழுக்கைச் சட்டையும் சாரமும் ஒரு ரப்பர் பையில், பழைய குரங்குக் குல்லா. எல்லாம் சேர்ந்து எடை பழைய மைனஸ் 10 பையைவிட முக்கால் கிலோ குறைவு. அதிருமலை போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகப் பனியனைக் கழற்றிக் கொடியில் போட்டேன். பாயை விரித்தேன், பையைப் போர்வை மாதிரித் திறந்து இடுப்பு வரை போட்டுக்கொண்டேன். காலுறையைத் தேடினேன். ஊரில், மொட்டை மாடிக் கொடியில், நன்றாகக் காய்ந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் படுத்திருந்தவர் திரும்பிப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. குரங்குக் குல்லாவை இரண்டு பாதத்துக்கும் சேர்த்து மாட்டி, முகம் தெரியும் ஓட்டையை உள்பக்கம் மடித்துவிட்டுப் படுத்தேன். வெப்பமானியைப் பார்க்க நாலு மணிக்கு எழ வேண்டும் என்று அலாரம் வைத்திருந்தேன். அது அடித்ததாகக் காலையில் மற்றவர்கள் சொன்னார்கள்.